நம் முதியோர் தம் இல்லத்திலேயே வாழ்ந்திட



கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுவதே மரபு. எனினும், நம்மைக் கற்க வைத்தவர்களைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகின்றேன். கல்லுடைத்தும் களையெடுத்தும் நம்மைப் பள்ளிக்கு அனுப்பிய அவர்கள் இன்று முதுமை எய்தியுள்ளனர். பிள்ளைகளோ திருப்பூருக்கும் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் சென்றுவிட்டனர். உடன் வருமாறு அழைத்தாலும் முதியோர் இசைவதில்லை. தம் வீட்டில், தம் கஞ்சியைத் தாமே காய்ச்சிக் குடித்து வாழவே விரும்புகின்றனர். இதனைப் பிடிவாதம் என்று நான் கருதவில்லை. பிறர் கையை எதிர்பாராத வாழ்வுக்காகவே அவர்கள் காலமெல்லாம் உழைத்தனர்.

அரசு ஏதும் செய்யவில்லை என்று கூறுதல் முறையன்று. முதியோர் உதவித்தொகை 1962-இல் தொடங்கியது; 2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர்ந்தது. படுக்கையில் கிடப்போரைக் காணச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அமர்த்தப்பட்டனர். 2025 ஆகஸ்டில் தொடங்கிய ‘தாயுமானவர்’ திட்டம் முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீட்டு வாயிலுக்கு அரிசியைக் கொண்டு வந்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றுத்திறன் வகைகளை 7-இலிருந்து 21 ஆக விரித்தது.

குறை எங்கே? உதவித்தொகைக்கு வருவாய்த்துறை, மாத்திரைக்குச் சுகாதாரத்துறை, அரிசிக்கு நியாயவிலைக் கடை, அடையாள அட்டைக்கு மாற்றுத்திறனாளிகள் அலுவலகம், பணத்திற்கு வங்கி. ஐந்து வாயில்கள்! ஒரு வாயிலில் நிற்பவர் மற்றொரு வாயிலில் நடப்பதை அறியார். கல் சுமந்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்க மறுத்தால், அந்த மூதாட்டி வெறுங்கையோடு திரும்புகிறார். கண் கருவிழிப் பதிவு உண்டா, தம் பொருட்டு வேறொருவரை அனுப்ப விண்ணப்பம் உண்டா என்று கேட்க அவருக்கு யார் துணை?

எங்கள் தெருவில் ஓர் அப்பாயி. மாத்திரைகள் வீடு தேடி வந்தன. நோய் மட்டும் தணியவில்லை. சென்று பார்த்தால், காலைக்குரியதும் இரவுக்குரியதும் ஒரே டப்பாவில் கலந்து கிடந்தன. எழுத்தறியாதவர், யாரைக் கேட்பார்? எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி செவிலியரைக் கேட்டு, காலை மாத்திரைக்குச் சிவப்பு நூலும் இரவு மாத்திரைக்குக் கறுப்பு நூலும் கட்டித் தனித்தனியே வைத்தாள். அடுத்த சோதனையில் இரத்த அழுத்தம் குறைந்திருந்தது. செலவு ஒரு நூற்கண்டு.

இம்மாவட்டத்திற்கு இது புதிதன்று. 1991-இல் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் எழுந்தபோது, மாணவராயிருந்த நாங்கள் அரிக்கேன் விளக்கோடு தெருத்தெருவாகச் சென்றோம். ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். வீடு வீடாகச் செல்லும் அப்பழக்கத்தை நாம்தான் கைவிட்டோம். (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்.)

ஆகவே இளைஞர்களே, தெருவுக்கு இருவர் முன்வாருங்கள். ஒருவர் பெண்ணாக இருத்தல் நலம். தனித்து வாழ்வோர், நடக்க இயலாதோர், பார்வை குன்றியோர் ஆகியோரை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். எந்த வாயில் திறந்தது, எது அடைத்தது என்று மாதந்தோறும் குறித்திடுங்கள். மருந்தும் அரிசியும் ஊர்த்தெருவோடு நின்றுவிடுகின்றனவா, நம் தெருவிற்கும் வருகின்றனவா என்பதையும் மறவாமல் எழுதுங்கள். வராவிடில் கிராம சபையில் அந்த ஏட்டைப் படியுங்கள். வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் மட்டும் கையில் வாங்காதீர்கள். உடன் செல்லுங்கள், போதும்.

பத்துக் குறிப்பேடுகள் வாங்கி வைத்துள்ளேன். விழா முடிந்தபின் மேடையருகே பெற்றுக்கொள்ளலாம்.