நம் கதையை நாமே உண்மையாகச் சொல்வோம்

(ஜமாஅத் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் நம் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

 

நம் முஹல்லாவிலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் கூடி வருகிறது, அல்ஹம்து லில்லாஹ். மதிப்பெண் பட்டியலை அனுப்பினால் போதும் என்றே நம்மில் பலர் எண்ணியிருக்கிறோம். ஆனால் பல பல்கலைக்கழகங்கள் அத்துடன் நிற்பதில்லை. ‘நீ யார்? இதுவரை என்ன செய்தாய்? ஏன் இந்தப் படிப்பை நாடுகிறாய்?’ என்று மாணவரையே எழுதச் சொல்கின்றன.

அமெரிக்காவில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கல்லூரிகள் ‘காமன் ஆப்’ என்னும் ஒரே விண்ணப்பத்தை ஏற்கின்றன. 1975ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமைப்பு அது. அதில் மாணவர் தம்மைப் பற்றி 250 சொற்களுக்குக் குறையாமலும் 650 சொற்களுக்கு மிகாமலும் ஒரு கட்டுரை எழுத இடமுண்டு. பிரிட்டனில் ‘யூகாஸ்’ என்னும் அமைப்பின் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கு முன்பு ஒரே நீண்ட கட்டுரையாக எழுதினர். 2026ஆம் ஆண்டுச் சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஏன் இப்படிப்பை விரும்புகிறீர்கள், இதுவரை படித்தவை இதற்கு உங்களை எவ்வாறு ஆயத்தப்படுத்தின, படிப்புக்கு வெளியே இதற்காக என்ன செய்தீர்கள் என்பனவே அம்மூன்றும். விடைகள் அனைத்தும் சேர்ந்து, இடைவெளிகள் உட்பட, 4000 எழுத்துகளைத் தாண்டக் கூடாது.

இது உலகக் கல்வியைச் சேர்ந்த செய்தியாயிற்றே, மிம்பரில் நின்று பேசுபவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ஒரு மனிதன் தன்னைப் பற்றித் தானே தரும் சாட்சியம் இது. சாட்சியம் என்று வந்துவிட்டால் அது மார்க்கத்தின் செய்தியும் ஆகிவிடுகிறது.

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன்பு, இஷாத் தொழுகைக்குப் பின் ஒரு மாணவர் நம்மிடம் வந்தார். ஜமாஅத்தின் நன்னடத்தைச் சான்றுக் கடிதம் அவருக்குத் தேவைப்பட்டது. கையில் தமது விண்ணப்பக் கட்டுரையும் வைத்திருந்தார். ‘என்ன எழுதியிருக்கிறீர்கள், தமிழில் சொல்லுங்கள் தம்பி’ என்றோம். தயங்கித் தயங்கிச் சொன்னார். பத்து வயதில் தந்தையை இழந்ததாகவும், தெருவிளக்கின் கீழ் படித்து முன்னேறியதாகவும் அதில் எழுதப்பட்டிருந்தது.

நாம் திடுக்கிட்டோம். ‘தம்பி, சற்று முன்பு இரண்டாவது ஸஃப்பில் நம்முடன் தொழுதுவிட்டுப் போனாரே, அவர் யார்?’ என்று கேட்டோம்.

அவர் தலை கவிழ்ந்தது. கட்டணம் பெற்றுக்கொண்டு வழிகாட்டும் ஒருவர், ‘வாசிப்பவர் கண்ணில் நீர் வர வேண்டும்’ என்று சொல்லி எழுதிக் கொடுத்தாராம். பிறகு அந்த மாணவர் சொன்ன சொல்தான் நம்மை இன்றளவும் வருத்துகிறது. ‘ஹஜ்ரத், எங்கள் வீட்டில் எழுதும்படியாக என்ன இருக்கிறது?’

இந்த மாணவரிடமும் அவருடைய தந்தையிடமும் அனுமதி பெற்ற பிறகே இதை இங்கு கூறுகிறோம்.

பொய் எழுதியதைக் காட்டிலும், தம் வாழ்வில் சொல்லத்தக்கது எதுவுமில்லை என்று அவர் நம்பியதே பெரிய துயரம். அவர் தந்தை மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். நாம் கேள்வி மேல் கேள்வி கேட்டோம். பன்னிரண்டு வயதிலிருந்தே பள்ளி விட்டதும் கடைக்குப் போய்ச் செம்புக் கம்பியின் சுற்றுகளை எண்ணிச் சுற்றுவது அவர் வேலை. ஒருநாள் கவனம் சிதறி எண்ணிக்கை தவறிவிட்டது. கட்டிக் கொடுத்த மோட்டார் ஒரு விவசாயியின் கிணற்றில் சில நாட்களிலேயே எரிந்துபோனது. தந்தை கூலி வாங்காமல், கம்பியும் தம் செலவிலேயே போட்டு, இரவோடு இரவாகத் திரும்பக் கட்டினார். விடிந்ததும் மகனையே அழைத்து, ‘நீயே கொண்டு போய்க் கொடு. தவறு யாருடையது என்பதையும் நீயே சொல்லிவிட்டு வா’ என்று அனுப்பினார். மகனும் சென்றார், சொன்னார். அன்று முதல் ஒவ்வொரு காயிலையும் இரண்டு முறை எண்ணுவது அவர் வழக்கமாயிற்று. எண்ணிக்கை தவறினால் மோட்டார் ஏன் சூடேறுகிறது என்பதைத் தேடிப் படிக்கத் தொடங்கியதும் அப்போதுதான். அவர் விண்ணப்பித்ததோ மின் பொறியியல் படிப்புக்கு!

இவ்வளவும் வீட்டில் இருக்க, இரவல் கதை ஒன்றைத் தேடி, உயிரோடிருக்கும் தந்தையை இறந்தவராக்கி எழுதியிருந்தார்.

அன்பர்களே! நம்மைப் பற்றி அந்நியர் முன் எப்படிப் பேசுவது என்பதற்கு நம் வரலாற்றிலேயே சிறந்த முன்மாதிரி இருக்கிறது. நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டில், அதாவது கி.பி. 615 வாக்கில், மக்காவின் கொடுமை தாளாமல் தோழர்கள் சிலர் அபிசீனியாவுக்கு ஹிஜ்ரத் சென்றனர். அவர்களைத் திருப்பியனுப்பக் கோரிக் குறைஷியர் தூதர்களை அனுப்பினர். மன்னருக்கும் அவையோருக்கும் மக்காவின் தோல் பொருட்களை அன்பளிப்பாகக் கொடுத்தனர். நஜாஷி மன்னரோ மறுதரப்பையும் கேட்காமல் தீர்ப்பளிக்க மறுத்தார். அப்போது முஸ்லிம்களின் சார்பில் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் எழுந்து பேசினார்கள். உம்மு ஸலமா (ரலி) அன்னையவர்கள் அறிவித்த செய்தி இது.

அவர்கள் பேசிய ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் தாங்கள் முன்பு எப்படி இருந்தோம் என்பதை மறைக்காமல் சொன்னார்கள். சிலைகளை வணங்கியதையும், உறவைத் துண்டித்ததையும், அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைத்ததையும், வலியவர் எளியவரை விழுங்கியதையும் சொன்னார்கள். அடுத்து, தங்களை மாற்றியது எது என்று விளக்கினார்கள். பின்னர், அதற்காகப் பட்ட துன்பத்தைச் சுருக்கமாகக் கூறினார்கள். இறுதியாக, மற்ற நாடுகளை விட்டு இந்நாட்டைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று சொல்லி முடித்தார்கள். குறை, மாற்றம், உழைப்பு, நோக்கம் ஆகிய நான்கும் அதில் அடங்கிவிட்டன. இன்றைய விண்ணப்பக் கட்டுரைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பு வேண்டியதில்லை.

மறுநாள் ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய கேள்வியை எழுப்பி அவர்களைச் சிக்க வைக்க முயன்றனர். மன்னர் கிறித்தவர். அவருக்குப் பிடித்த விதமாகச் சொல்லித் தப்பிக்க வழியிருந்தது. என்ன நேர்ந்தாலும் உள்ளதையே சொல்வோம் என்று முடிவு செய்தார்கள், அப்படியே சொன்னார்கள். தங்கியிருக்க இடம் கிடைக்குமா என்று தெரியாத நிலையில் அவர்கள் எடுத்த முடிவு அது.

தம்மைப் பற்றி எழுதுவது தற்பெருமை ஆகாதா, முகஸ்துதி ஆகாதா என்ற கேள்வியும் எழும். நல்ல கேள்விதான். தன்னைத் தானே தூய்மையானவன் என்று பறைசாற்றுவதை மார்க்கம் தடுக்கிறது. ஆனால் யூசுஃப் (அலை) அவர்கள் எகிப்து மன்னரிடம் நாட்டின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தமக்குப் பாதுகாக்கும் திறனும் அறிவும் உண்டு என்று எடுத்துரைத்ததைக் குர்ஆன் கூறுகிறது. அதற்கு முன், தம்மீது சுமத்தப்பட்ட பழியின் உண்மை விளங்கும்வரை சிறையை விட்டு வெளியேறவும் அவர்கள் இசையவில்லை. தேவையான இடத்தில், தேவையான அளவில், உள்ள தகுதியைச் சொல்வது பெருமையடிப்பது ஆகாது.

இனி, மாணவச் செல்வங்கள் மனத்தில் கொள்ள வேண்டிய சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, வாழ்க்கை முழுவதையும் எழுதாதீர்கள். ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, அதில் நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன கற்றீர்கள் என்பதை எழுதுங்கள். துன்பத்தை மட்டும் அடுக்கினால் வாசிப்பவருக்கு இரக்கம் பிறக்கலாம். உங்களைப் பற்றி எதுவும் தெரியாது.

இரண்டாவது, கேட்ட கேள்விக்கு விடையளியுங்கள். பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பெரிதும் அறிய விரும்புவது படிப்பின் மீதுள்ள நாட்டத்தையும் அதற்கான ஆயத்தத்தையும். அமெரிக்கக் கட்டுரையில் உங்கள் குணமும் சிந்தனையும் வெளிப்பட வேண்டும். ஒன்றுக்கு எழுதியதை மற்றதற்கு அப்படியே அனுப்பாதீர்கள்.

மூன்றாவது, பிறர் கதையைத் திருடாதீர்கள். 2007ஆம் ஆண்டு யூகாஸ் அமைப்பு ஏறத்தாழ ஐம்பதாயிரம் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, 234 பேர் ஒரே நிகழ்ச்சியை எழுதியிருந்தது தெரியவந்தது. எட்டு வயதில் வேதியியல் சோதனை செய்யப்போய் இரவு உடையில் ஓட்டை விழுந்ததாம்! ஒரு மாதிரிக் கட்டுரையைப் பார்த்து அத்தனை பேரும் எழுதியிருந்தனர். இன்று கணினியின் செயற்கை நுண்ணறிவு நொடியில் எழுதித் தருகிறது. அதனிடமிருந்து பெற்றதைத் தம் சொந்த எழுத்தென்று சமர்ப்பிப்பதை காமன் ஆப், யூகாஸ் இரண்டுமே ஏமாற்றாகவே கருதுகின்றன. கிடைத்த இடமும் இதனால் பறிபோகலாம்.

நான்காவது, உங்கள் கதையில் மற்றவர்களும் இருக்கிறார்கள். தாயின் நோய், சகோதரியின் மணமுறிவு, தந்தையின் கடன் ஆகியவை உங்களுக்கு மட்டும் சொந்தமானவை அல்ல. அவர்களிடம் கேட்காமல் எழுதாதீர்கள். பிறர் குறையை மறைப்பது மார்க்கம் நமக்குக் கற்பித்த பண்பு.

ஐந்தாவது, தவறு செய்திருந்தால் அதை எழுதத் தயங்காதீர்கள். ஹிஜ்ரி 9ஆம் ஆண்டு தபூக் பயணத்தில் கலந்துகொள்ளாமல் பின்தங்கியவர்களில் எண்பதுக்கும் மேற்பட்டோர் ஏதேதோ காரணம் சொல்லித் தப்பித்தனர். பேச்சுத் திறன் மிகுந்த கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்களோ, தமக்கு எந்தத் தடையும் இருக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார்கள். ஐம்பது நாட்கள் யாரும் பேசாத தனிமையை அனுபவித்தார்கள். ஆயினும் அவர்களுடைய தவ்பா ஏற்கப்பட்டது. அந்த வரலாற்றை அவர்களே தம் வாயால் பிற்காலத்தவருக்குச் சொல்லியும் வைத்தார்கள்.

பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகளுக்குச் சொல்ல எதுவுமில்லை என்று தோன்றுகிறதென்றால், நாம் நம் உழைப்பை அவர்களிடம் மரியாதையோடு பேசவில்லை என்பதே பொருள். கடையை, பட்டறையை, அடுப்படியைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசுங்கள். நம் கல்விக் குழுவினரும் மாணவருக்காகக் கட்டுரை எழுதிக் கொடுக்க வேண்டாம். எதிரே அமர்த்திக் கேள்வி கேளுங்கள். பொறுமையாகக் காது கொடுங்கள். எழுதுவது மாணவராகவே இருக்கட்டும். ஜமாஅத் தரும் கடிதமும் ஒரு சாட்சியமே. அறியாததை அதில் எழுதும்படி யாரும் நிர்வாகத்தை வற்புறுத்த வேண்டாம்.

அந்த மாணவர் என்ன ஆனார் என்று அறிய விரும்புவீர்கள். பழைய கட்டுரையைக் கிழித்துவிட்டு மோட்டார் கதையை எழுதினார். இரண்டு பல்கலைக்கழகங்கள் மறுத்துவிட்டன. ஒன்று இடம் கொடுத்தது. ஆனால் உதவித்தொகை கொடுக்கவில்லை. அவ்வளவு பணம் குடும்பத்திடம் இல்லை. இப்போது நம் மாவட்டத்திலேயே மின் பொறியியல் பயின்று வருகிறார். அப்படியானால் உண்மையை எழுதி என்ன கண்டார் என்று கேட்கலாம்.

அனுப்புவதற்கு முன், அந்தக் கட்டுரையைத் தந்தைக்குத் தமிழில் வாசித்துக் காட்டினாராம். தந்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, ‘அந்த மோட்டாரை நீ இன்னும் மறக்கலையா?’ என்று மட்டும் கேட்டாராம். முந்தைய கட்டுரையை அவர் தந்தைக்கு ஒருநாளும் வாசித்துக் காட்டியிருக்க முடியாது.

பிள்ளைகளே! நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்கள் பெற்றோர் முன்னிலையில் தலைநிமிர்ந்து வாசிக்கத்தக்கதாக இருக்கட்டும். இடம் கிடைப்பதும் கிடைக்காததும் அல்லாஹ்வின் நாட்டம். எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், உண்மை பேசும் நாவையும், நேர்மை தவறாத எழுதுகோலையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.