இல்லமே யோகசாலை



சிதம்பரத்திற்குப் பெரும்பற்றப்புலியூர் என்பது ஒரு பழம்பெயர். கடலூர் நகரின் ஒரு பகுதியாக விளங்கும் திருப்பாதிரிப்புலியூரிலும் அந்தப் புலி இருக்கிறது. இரண்டு ஊர்ப்பெயர்களிலும் உள்ள புலி காட்டில் திரிந்த புலி அன்று; புலிக்கால் முனிவராகிய வியாக்கிரபாதர் என்று தலபுராணங்கள் கூறும். அவரோடு தில்லையில் ஆனந்தக் கூத்தைக் கண்டு தொழுதவர் பதஞ்சலி முனிவர். இவரே யோக சூத்திரம் செய்தவர் என்று மரபு போற்றுகிறது. வரலாற்று ஆராய்ச்சியாளர் அதனை அப்படியே ஏற்பதில்லை.

தில்லையில் வழிபட்டுச் சென்றவராகப் பெரிய புராணம் காட்டும் திருமூலர், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் எட்டு உறுப்புகளை உடைய யோகத்தைத் தமிழில் வகுத்துரைத்தார். இன்றைய கடலூர் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலில் பிறந்த நாதமுனிகளையும் வைணவ மரபு ஒரு பெரும் யோகியாகவே கொண்டாடுகிறது. அந்த நாதமுனிகளின் வழிவந்தவர் எனத் தம்மைக் கூறிக்கொண்டவர், 1888 முதல் 1989 வரை வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சாரியார். மைசூர் அரண்மனையில் யோகசாலை நடத்திய அவர், 1952-ல் சென்னைக்கு வந்து, தம் இறுதிக்காலம் வரை இங்கேயே கற்பித்தார்.

இவ்வளவையும் நான் எடுத்துச் சொல்வது ஊர்ப்பெருமை பேசுவதற்காக அன்று. யோகம் நமக்குத் தொலைவில் உள்ள பொருள் என்ற கூச்சம் நீங்கவேண்டும் என்பதற்காகவே. அதற்கு விலையுயர்ந்த விரிப்பும் வேண்டா. பளபளப்பான கூடமும் வேண்டா. ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு இடமும், ஒரு கோரைப் பாயும், அதன்மேல் மடித்த ஒரு போர்வையும் போதும்.

ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 2014-ல் தீர்மானம் நிறைவேற்றியதன் பயனாக, 2015 முதல் ஆண்டுதோறும் ஜூன் 21 உலக யோகா நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பள்ளி மைதானங்கள் நிறைந்துவிடுகின்றன. நல்லதுதான். ஆயினும், அந்த மாணவருள் எத்தனை பேர் ஜூலை 21-ஆம் நாளன்று பாயை விரிக்கிறார்கள்? தொடங்குதல் எளிது; தொடர்தலே அரிது. இது நம் காலத்துக் குறை மட்டும் அன்று. யோகத்திற்கு நேரும் இடையூறுகள் ஒன்பது என்று யோக சூத்திரம் கணக்கிடுகிறது. நோய், மனச்சோர்வு, ஐயம், கவனமின்மை, சோம்பல் முதலானவற்றைச் சொல்லி, அடைந்த நிலையில் நில்லாமையைக் கடைசியாக வைக்கிறது. பழைய ஆசிரியர்களுக்கு மாணவர்களை நன்றாகத் தெரிந்திருக்கிறது அல்லவா?

ஆதலால், முதல் நாளிலேயே ஒரு மணி நேரம் என்று உறுதி பூணாதீர்கள். பதினைந்து நிமிடம் போதும். அதனை நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே மூலையில் செய்யுங்கள். கடலோர ஊர்களில் வெயில் ஏறினால் புழுக்கம் தாங்காது. ஆகையால் விடியற்காலையே சிறந்தது. மாலையில்தான் இயலும் என்றால், உணவு உண்டு மூன்று, நான்கு மணி நேரமேனும் கழிந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கடற்கரை ஓட்டம் தடைப்படலாம். வீட்டுக்குள் விரித்த பாயை எந்த மழையும் தடுப்பதில்லை.

முதலில் நேராக நின்று, மூச்சை உள்வாங்கிக்கொண்டே கைகளை உயர்த்துங்கள். மூச்சை விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை செய்யலாம். அடுத்து, மூச்சை விட்டவாறு முன்குனியுங்கள். முழங்கால் சிறிது மடங்கினால் குற்றமில்லை. பின்னர்க் குப்புறப்படுத்துப் புஜங்காசனம். அதன்பின் குதிகால்மேல் அமர்ந்து முன்னே கவிழ்ந்து முதுகுக்கு ஓய்வு. பின்வளைந்த முதுகை மெல்ல முன்வளைத்துச் சமன்செய்தல் கிருஷ்ணமாச்சாரியார் வலியுறுத்திய முறை. மூச்சு முன்னே செல்ல, உடல் அதனைப் பின்தொடரவேண்டும் என்பதும் அவர் கற்பித்ததே. மூச்சு திணறுமாயின் நீங்கள் எல்லை கடந்துவிட்டீர்கள் என்று பொருள். இறுதியில் மல்லாந்து படுத்துச் சில நிமிடம் அசைவின்றிக் கிடக்கும் சவாசனத்தை மறவாதீர்கள். அவசரக்காரர் விட்டுவிடுவது அதனைத்தான். பயிற்சியின் பயனை உடல் வாங்கிக்கொள்வதோ அப்போதுதான்.

பிறகு எழுந்து சுகாசனத்தில் அமர்ந்து மூச்சைக் கவனியுங்கள். திருமூலர் உள்ளிழுத்தலுக்குப் பதினாறு, அடக்குதலுக்கு அறுபத்து நான்கு, வெளிவிடுதலுக்கு முப்பத்திரண்டு மாத்திரை என்று அளவு கூறுகிறார். அது முதிர்ந்தோர்க்குரியது. மூச்சை அடக்கும் பயிற்சியை ஆசிரியர் துணையின்றி மேற்கொள்ளல் ஆகாது. தொடக்கத்தில் உள்ளிழுக்க நான்கு எண்ணினால், வெளிவிட ஆறு எண்ணுங்கள். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சின் துடிப்புச் சற்றுத் தணிகிறது. பதற்றமும் அதனோடு அடங்கத் தொடங்குகிறது. தேர்வு மண்டபத்து வாயிலில் நின்றும் இதனைச் செய்யலாம். அருகில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

ஒரு தடையைத் தனியே குறிப்பிடுகிறேன். அது போட்டி மனப்பான்மை. படத்தில் கண்ட சிரசாசனத்தை நண்பருக்குக் காட்டுவதற்காகச் சுவரோரம் முயன்று கழுத்தை வருத்திக்கொள்வது யோகம் ஆகாது. யோக சூத்திரம் ஆசனத்தைப் பற்றிப் பேசும் சூத்திரங்கள் மூன்றே மூன்று. உறுதியும் இன்பமும் ஒருங்கே இருக்கும் இருக்கையே ஆசனம் என்பது அவற்றுள் முதலதன் கருத்து. இரத்த அழுத்தம், இதயநோய், முதுகெலும்புக் கோளாறு, கண்ணில் அழுத்த நோய் உடையவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். மற்றவர்களும் முதல் சில வாரங்களேனும் நல்ல ஆசிரியரிடம் நேரில் கற்றுக்கொள்வது நலம். ஆசனத்துக்கேற்ப மனிதனை வளைக்காமல், மனிதனுக்கேற்ப ஆசனத்தை மாற்றித் தருபவரே நல்ல ஆசிரியர்.

ஒரு நாள் தவறினால் என் செய்வது? மறுநாள் இருமடங்கு செய்து ஈடுகட்ட முயலவேண்டா. வழக்கம்போல் பாயை விரியுங்கள், அவ்வளவுதான். காய்ச்சல் கண்ட நாளில் ஓய்வே பயிற்சி. நேரமே இல்லாத நாளில் பன்னிரண்டு மூச்சுகள் போதும்; தொடர்பு அறாதிருத்தலே முக்கியம். நெடுங்காலம், இடைவிடாது, ஆர்வத்தோடு செய்யப்பட்ட பயிற்சியே வேரூன்றும் என்று பதஞ்சலியும் அறிவுறுத்துகிறார்.

மாதம் ஒன்று கழிந்தபின் உங்கள் கை கால்விரலைத் தொட்டதா என்று பார்க்காதீர்கள். வீட்டில் தம்பி புத்தகத்தைக் கிழித்தபோது எழுந்த சினம் முன்னைவிட விரைவில் தணிந்ததா, பாடத்தில் அமர்ந்த மனம் சிறிது கூடுதல் நேரம் அங்கேயே தங்கியதா என்று பாருங்கள். யோகத்தின் அளவுகோல் அதுவே. இன்றிரவே வீட்டில் ஒரு மூலையைத் தேர்ந்து வையுங்கள். விடிந்ததும் அங்கே பாயை விரியுங்கள்.