இனாம் யாருக்கு லாபம்?

(சொற்பொழிவின் சுருக்கம்)



செல்பேசிக் கட்டண வழக்குகளைப் பற்றி இன்று பேசுகிறேன். இது முதலாளிகள் சண்டை, நமக்கென்ன என்று சிலர் நினைக்கலாம். சண்டை அவர்களுடையதுதான், அதற்கான செலவைக் கொடுப்பவர்கள் நாம்.

முதலில் ஒரு பழைய சங்கதி. 1906-இல் தோழர் வ.உ.சிதம்பரம் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். வெள்ளைக்காரக் கம்பெனிக்காரன் கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் சும்மா ஏறிக்கொள் என்று சொல்லி, கையில் ஒரு குடையும் கொடுத்தான். சர்க்கார் அடக்குமுறையும் சேர்ந்துகொள்ள, சுதேசிக் கம்பெனி ஒழிந்தது. குடை கொடுத்தவன் தர்மப் பிரபுவா? நஷ்டத்தைத் தாங்கக்கூடியவன், தாங்க முடியாதவனை ஒழிக்கச் செய்த தந்திரமே அது.

இனி நம் காலத்துக்கு வருவோம். ஜியோ கம்பெனி 2016 செப்டம்பரில் வியாபாரத்தை ஆரம்பித்து, 2017 மார்ச் வரை எல்லாம் இலவசம் என்றது. அடக்கத்துக்கும் கீழே விற்றுப் போட்டியை ஒழிக்கிறார்கள் என்று ஏர்டெல் கம்பெனி போட்டி ஆணையத்தில் முறையிட்டது. 2017 ஜூனில் ஆணையம் அதைத் தள்ளிவிட்டது. ஏனென்றால், 2002-ஆம் வருஷச் சட்டப்படி, சந்தையில் ஆதிக்கம் உள்ளவன் அப்படி விற்றால்தான் குற்றம். ஜியோவோ புதிதாக வந்தவன். பின்னால் உள்ள பணப்பெட்டியை ஆதிக்கத்துக்கு அத்தாட்சியாக ஆணையம் ஒப்புக்கொள்ளவில்லை.

2018 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு விதி செய்தது. சந்தையில் 30 சதவிகிதத்துக்கு மேல் பங்குள்ளவன் போட்டியை ஒழிக்க அடக்கத்துக்குக் கீழே விற்றால், திட்டம் ஒன்றுக்கு 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்றது. பழையவர்கள் கையைக் கட்டிப் புதியவனை அவிழ்த்துவிடும் விதி இது என்று பழைய கம்பெனிகள் வழக்காடின. அவ்வருஷம் டிசம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது.

இதற்குள் நடந்தது என்ன? தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018-இல் திவாலாயிற்று. வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. பெரிய தனியார் மூவரே மிஞ்சினர். 2019 டிசம்பரில் மூவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கட்டணத்தை உயர்த்தினார்கள். 2024 ஜூலையிலும் அப்படியே. அப்போது உயர்த்தாமல் இருந்தது சர்க்கார் கம்பெனியாகிய பி.எஸ்.என்.எல். ஒன்றுதான். லட்சக்கணக்கான ஜனங்கள் அங்கே ஓடினார்கள்.

விலை குறைந்தது தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. பழைய கம்பெனிகளும் யோக்கியர்கள் அல்ல, ஒரு ஜி.பி.க்கு 200 ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்தான். கூலிக்காரன் கைக்கும் இணையம் வந்தது நன்மையே. ஆனால், அந்த நன்மை நிலைப்பதும் போவதும் மூன்று முதலாளிகளின் தயவில் இருக்கலாமா என்பதுதான் என் கேள்வி.

கோவிலில் பிரசாதத்தைச் சும்மா கொடுத்தால், உண்டியல் எங்கே என்று பார்க்கிறவர்கள் நாம். கடையில் மட்டும் ஏன் பார்ப்பதில்லை? ஆகவே, சட்டம் இன்றைய பங்கை மட்டும் பார்க்காமல், நஷ்டத்தைத் தாங்கும் முதலையும் பார்க்கவேண்டும். சர்க்கார் கம்பெனியை நொண்டியாக வைத்திருக்கக் கூடாது. கட்டணம் கட்டுகிற நாமும் சங்கமாகச் சேர்ந்து, இந்த வழக்குகளில் நம் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் கட்டணக் கணக்கைப் பாருங்கள்; யோசியுங்கள்; சரியென்று பட்டால் ஏற்றுக்கொள்ளுங்கள்.