அபராதம் கட்டினால் முடிந்துவிடுமா?



ஜவ்வாது மலைக் காட்டில் மரம் வெட்டியதாக ஒரு பையன் மேல் வழக்கு. "ஒத்துக்கோப்பா, அபராதம் கட்டிட்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிச்சு ஜமுனாமரத்தூர் போயிடலாம்" என்பார் பக்கத்தில் ஒருவர். பையனும் கட்டிவிடுவான். பிறகு அரசு வேலைக்கு எழுதுவான். போலீஸ் விசாரணையில் அந்தப் பழைய வழக்கு எழுந்து நிற்கும்.

கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனைதான். வழக்கு முடியும். பதிவு முடியாது.

ஒரு முறை விழுந்த பதிவை அழிப்பது கடினம். அதனால் தண்டனை விழும் முன்பே வழி தேட வேண்டும். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் ஒரு வழி. சின்னக் குற்றம், முதல் முறை என்றால், எச்சரித்தோ நன்னடத்தைப் பிணையிலோ நீதிபதி விடலாம். அப்படி விட்டால், தண்டனை பெற்றவர் என்பதால் வரும் தகுதியிழப்பு வராது. பதிவு மறையாது, வேலை விண்ணப்பத்தில் கேட்டால் மறைக்காமல் எழுத வேண்டும். ஆனாலும் இது பெரிய பாதுகாப்பு.

இதை நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல வக்கீல் வேண்டும். பழங்குடியினருக்கு வக்கீல் இலவசம். வருமானச் சான்று தேவையில்லை. செம்மரம் வெட்டிய வழக்கில் ஆந்திராவில் பிடிபட்டவருக்கும் அங்கேயே வக்கீல் இலவசம். அந்த உதவிக்கு நம்பர் 15100. ஒன்று, ஐந்து, ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். ஒத்துக்கொள்வதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.