குளத்து மீனுக்குத் தவிடும் பிண்ணாக்கும்

கெண்டை இனத்து மீன்களுக்கு இரைப்பை இல்லை என்று சொன்னால் நேயர்களிற் சிலர் வியப்படையக்கூடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய நம் நாட்டுப் பெருங்கெண்டைகள் மூன்றும் அவ்வகையினவே. உண்ட உணவு நேரே நீண்ட குடலுக்குட் செல்கிறது. குளத்து நுண்ணுயிர்களையும் பாசியையும் மக்கிய தழையையும் உண்டு வாழ அமைந்த உடல் அது. ஆகவே தாவர உணவு இவற்றுக்கு அயலானதன்று.

வங்கத்துக் குளங்களில் தவிடும் கடுகுப் பிண்ணாக்கும் நெடுங்காலமாக மீனுக்கு இடப்படுகின்றன. ஆந்திரத்தில் கொல்லேறு ஏரியைச் சூழ்ந்த பகுதிகளில், எண்ணெய் நீக்கிய தவிட்டைத் துளையிட்ட பைகளில் நிரப்பி, மூங்கிற் கழிகளில் நீருக்குள் தொங்கவிடுகிறார்கள். மீன்கள் துளைகளில் வாய் வைத்து உறிஞ்சும் அழகே தனி! தவிடும் நீரிற் கரைந்து வீணாவதில்லை.

மீன்தூள் இதைவிடப் புரதம் மிக்கதன்றோ எனலாம். உண்மையே. ஆனால் விலை அதிகம். மேலும், ஏழையின் உணவாகிய மத்தி மீனைக் கடலிற் பிடித்து, அரைத்து, குளத்து மீனுக்கு இரையாக்குவது எனக்கு ஒப்பவில்லை. மீன் வளர்ப்போரின் செலவிற் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போவதையும் எண்ண வேண்டும்.

தாவரத் தீவனத்துக்கும் குறை உண்டு. கடலைப் பிண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் இருப்பினும், அதில் லைசின், மெத்தியோனின் என்னும் இரு கூறுகள் போதா. சாணமிட்டு நுண்ணுயிர் பெருகிய குளத்தில் அந்நுண்ணுயிர்களே இக்குறையை ஈடு செய்யும். ஒரே குளத்தில் குஞ்சுகளை நெருக்கி விட்டால் ஈடு செய்ய இயலாது. அப்போது பலவகைப் பிண்ணாக்குகளைக் கலந்தே இட வேண்டும். பச்சைச் சோயா மொச்சையில் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் ஒன்றுண்டு. தக்கபடி வேகவைத்தால் அது அழியும். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கிலும் காசிப்பால் என்னும் நச்சுப் பொருள் உளது. இத்தகையவற்றை அலுவலகத் தமிழில் ‘ஊட்டத்தடைப் பொருள்கள்’ என்று எழுதுவோம். உழவருக்கு ‘வித்தின் நஞ்சு’ என்றாலே விளங்கிவிடும்.

எல்லாவற்றிலும் கொடியது வித்தோடு பிறவாத நஞ்சு. 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வான்கோழிகள் இலட்சத்துக்கு மேல் மாண்டன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கே காரணம் என்று பின்னர்த் தெரிந்தது. அப்பூசணம் உண்டாக்கும் அஃப்ளடாக்சின் மீனின் ஈரலையும் கெடுக்கும். வேகவைத்தாலும் எளிதில் அழியாது. பூசணம் கண்ணுக்குப் புலப்படாத போதும் அந்நஞ்சு இருத்தல் கூடும். ஆதலால் மழைக்காலத்தில் மலிவு கருதி மூட்டை மூட்டையாக வாங்கிக் குவித்தல் தகாது. சிறிது சிறிதாக வாங்கி, நன்கு உலர்த்தி, ஈரத் தரையிற் படாமல் பலகைமேல் அடுக்குக. கெட்டுப்போன பிண்ணாக்கைக் குளத்துக்கு ஆகாதென்று கழித்துக் கறவைப் பசுவுக்கு வைத்தலும் ஆகாது. அந்நஞ்சு பாலில் இறங்கும்.