குறைமாதக் குழந்தைகளும் நமது பொறுப்பும்
(சங்கத்தின் வெள்ளி விழாவில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் மருத்துவம் எதற்கு என்று கேட்பீர்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் செய்த பிழை ஒன்றே இப்பொருளைப் பேசச் செய்கிறது.

இருபது ஆண்டுகளுக்கு முன், எங்கள் வகுப்பில் ஒரு மாணவன் குதிகால் தரையில் படாமல் நடப்பான். எழுதுவதற்குப் பிறரைப்போல் இருமடங்கு நேரம் கொள்வான். மனக்கணக்கிலோ அவனை வெல்ல ஆளில்லை. சோம்பேறி என்று பலமுறை நிற்க வைத்தோம். ஒருநாள் அவன் தாயார் வந்தார். "ஏழு மாசத்துல பொறந்தவன் ஐயா. பொறந்த மூணாம் நாளே மூளையில ரத்தம் கசிஞ்சிருக்குன்னாங்க. எல்லாம் நான் செஞ்ச பாவம்" என்று அழுதார். நாங்கள் தலைகுனிந்தோம்.

கருவிலிருக்கும் சிசுவின் மூளை நடுவே நீரறைகள் உள்ளன. அவற்றின் ஓரத்தில் மூளையணுக்கள் தோன்றும் நாற்றங்கால் போன்ற பகுதியொன்று உண்டு. அங்குள்ள இரத்தக்குழாய்கள் மிக மெல்லியவை. ஏறத்தாழ 32 வாரங்களுக்குப் பின் அப்பகுதி சுருங்கி மறைகிறது. அதற்கு முன்னரே பிறந்துவிட்டால், இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அக்குழாய்கள் தாங்குவதில்லை. கசிவு பெரும்பாலும் முதல் மூன்று நாட்களில் நேர்கிறது. உச்சிக்குழி வழியே ஸ்கேன் செய்து அதனைக் காண்பர். கசிவை நான்கு நிலைகளாகப் பிரிக்கும் முறை 1978இல் வந்தது. முதலிரு நிலைகளில் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுகின்றனர். மூன்றாவதில் நீரறைகள் விரிகின்றன. நான்காவதில் மூளைத் திசுவே கெடுகிறது. கால்களை இயக்கும் நரம்பிழைகள் நீரறைகளை ஒட்டிச் செல்வதால் கால்கள் விறைத்துவிடுகின்றன. கால் விறைத்தவனுக்கு அறிவும் குன்றியிருக்கும் என்று கொள்வதற்கில்லை.

இதில் பாவமும் முன்வினையும் எங்கே வந்தன? சேரியில் பிறந்தது முன்வினை என்று நம் பாட்டன்மாருக்கும் சொன்னார்கள். அதனை மறுத்தெழுந்த நாம், அதே சொல்லை ஒரு தாயின் தலையில் ஏற்றலாமா?

குறைமாதத்தில் வலி கண்டால் வீட்டில் காத்திராதீர்கள். நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹோவி என்னும் இரு மருத்துவர்கள், பேற்றுக்குமுன் தாய்க்கு இடும் ஸ்டீராய்டு ஊசியின் பயனை 1972இல் வெளியிட்டனர். சிசுவின் நுரையீரலுக்கென வந்த அவ்வூசி மூளைக்கசிவையும் குறைக்கிறது. ஆனால் அது வேலைசெய்ய நேரம் வேண்டும்.

வீடு திரும்பிய பின்னரும் தொடர்ந்து காட்டுதல் வேண்டும். தலை விரைவாகப் பெருத்தால் அன்றே ஓடுங்கள். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பயிற்சி இலவசம். ஆனால் போய்வர ஒருநாட் கூலி போகிறதே! அத்தாய்மாரின் பேருந்துக் கட்டணத்தையேனும் சங்கம் ஏற்கலாகாதா? பொறுப்பாளர்கள் இன்றே முடிவு சொல்ல வேண்டும்.

2016ஆம் ஆண்டுச் சட்டம் மூளை முடக்குவாதத்தையும் மாற்றுத்திறன்களில் ஒன்றாக ஏற்றுள்ளது. நாற்பது விழுக்காட்டிற்குக் குறையாத பாதிப்புள்ளோர்க்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. தேர்வில் கூடுதல் நேரமும் கேட்கலாம். இதனை அறியாமலேயே அம்மாணவனுக்கு நாங்கள் தேர்வுத்தாளைப் பிடுங்கியிருக்கிறோம்.

இளைஞர்களே, நும் தெருவில் இத்தகைய பிள்ளைகள் இருப்பின் பெயரெழுதி வாருங்கள். சான்றிதழுக்கு விண்ணப்பம் எழுதித்தர ஞாயிறுதோறும் மாலை நாங்கள் சங்க நிலையத்தில் இருப்போம்.