கல்லே ஆசான்



கலைக்கூடத்தின் வாயிலை மிதியாதவன் கலைஞனாக முடியுமா? இவ்வினாவிற்கு விடையாக வாழ்ந்து காட்டியவர் அமெரிக்கக் கருப்பின மக்களுள் ஒருவரான வில்லியம் எட்மண்டுசன். தென்னசி மாநிலத்து நேசுவில் நகரத்தருகே, 1874-ஆம் ஆண்டளவில், அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோர்க்குப் பிறந்தார். இருப்புப்பாதைத் தொழிற்கூடத்திலும் மருத்துவமனையிலும் ஏவற்பணி செய்து, ஐம்பது அகவை கடந்த பின்னரே உளி பிடித்தார். இறைவனே தம்மைப் பணித்தான் என்பது அவர் நம்பிக்கை.

இருப்புப்பாதை ஆணிகளே அவர்தம் உளிகள். இடிந்த கட்டடங்கள் கழித்த சுண்ணக்கற்களே அவர் ஆண்ட கற்கள். முதலில் தம் மக்களுக்குக் கல்லறைக் கற்கள் செதுக்கினார். பின்னர் புறா, ஆட்டுக்கடா, பள்ளி ஆசிரியை, குத்துச்சண்டையர், வானவர் என உருவங்கள் பெருகின.

அவர் வினைமுறையை உற்று நோக்குங்கள்! களிமண்ணில் முன்னுருச் செய்து, அதனைக் கல்லுக்கு மாற்றும் கலைக்கூட வழக்கம் அவரிடத்து இல்லை. நேரே கல்லிற் செதுக்கினார். மெல்லியதாய் நீளும் உறுப்பு எளிதில் முறியும். ஆகவே கைகள் உடலோடு ஒட்டி நின்றன. கல்லின் கட்டான வடிவம் உருவத்துள்ளும் நிலைத்தது. வேண்டாத மடிப்பும் அணியும் விலகின. எஞ்சியவை திண்மையும் அமைதியும். இஃது அறியாமையா? கல்லின் இயல்பறிந்து அதற்கு இணங்கிய அறிவன்றோ!

1937-இல் நியூயார்க்கு நகரத்துப் புதுமைக்கலை அருங்காட்சியகம் அவர் படைப்புகளைத் தனியே காட்சிக்கு வைத்தது. அங்குத் தனிக்காட்சி பெற்ற முதற் கருப்பினக் கலைஞர் அவரே. ஆயினும் போற்றிய வாய்களே அவரைப் 'பண்படாதவர்' என்றும் கூறின. கலைக்கூடப் பயிற்சி இல்லாமையை அறிவு இல்லாமையாகக் கொண்ட பிழை அது! கை கற்றதைக் கல்வி என ஏற்க அவர்தம் செருக்கு இடந்தரவில்லை.

பிறர்க்குக் கல்லறைக்கல் வடித்த அப்பெருமகன், 1951-இல் மறைந்தபோது, தமக்கொரு கல்லின்றிப் புதைக்கப்பட்டார். அவர் வடித்த குத்துச்சண்டையர் உருவமோ 2016-இல் 7,85,000 டாலருக்கு ஏலம் போயிற்று. காலங்கடந்த விலையால் உழைத்த கைக்கு என்ன பயன்?

ஆகவே, அன்பர்களே! வினைஞனைப் பட்டயத்தால் அளவாதீர், வினையால் அளமின்! உங்கள் ஊரிலும் பயிலாமற் பயின்ற கையொன்று உழைத்துக் கொண்டிருக்கலாம். அதனை அது வாழுங்காலத்தே கண்டு போற்றுங்கள்!